நாற்பத்தொரு கைநாட்டும் ஒரு கையெழுத்தும்

1

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது நித்யாவின் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. நான் பதினாலு வருஷமாகக் குப்பை கொட்டுகிற இந்த ஒஹாயோ மாநிலத்துச் சிற்றூரில், பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் மூன்றில் ஒரு காரணம்தான் இருக்கும். பிள்ளைக்கு ஜுரம், பிள்ளை தலையில் பேன், இல்லையென்றால் பிள்ளை ஏதோ பண்ணிவிட்டது. பேசியவர் மிஸஸ் கார்ல்சன், மாணவர்களுக்கு ஆலோசனை சொல்வதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர். மிகவும் அன்பாகப் பேசினார். அப்போதே ஜுரமும் இல்லை, பேனும் இல்லை என்று தெரிந்துவிட்டது.

“உங்கள் மகள் கொண்டுவந்த படிவத்தில் இருப்பது உங்கள் கையெழுத்துதானா என்று சரிபார்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் கோப்பில் இருக்கும் உங்கள் கையெழுத்தைவிட இது கொஞ்சம்…” என்று இழுத்து, மரியாதையான ஒரு வார்த்தையைத் தேடிப் பிடித்து, “தெளிவாக இருக்கிறது” என்றார்.

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். நித்யா அதைத் திருத்தி எழுதிவிட்டாள். பதின்மூன்று வயதுப் பெண் அம்மாவின் கையெழுத்தைப் போடுகிறாள், அதையும் அம்மாவைவிட அழகாகப் போடுகிறாள் என்றால் பெற்றவளுக்கு நியாயமாகக் கோபம் வர வேண்டும். எனக்கு வந்தது பயமும், அதற்கு அடியில் வெட்கங்கெட்ட ஒரு சிரிப்பும்தான். அந்தப் படிவம் மது, போதைப்பொருள் தடுப்பு வகுப்புக்கானது. அதே சங்கதிக்காக, குடிக்கு எதிரான ஓர் அட்டையில், குரோம்பேட்டையில், பதினாறு வயதில், நாற்பத்தொரு பேருடைய கைநாட்டை என் சொந்த விரல்களால் வைத்தவள் நான். என் பெண் ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள். அந்த வகையில் எங்கள் குடும்பம் முன்னேறித்தான் இருக்கிறது.

படிவம் பத்து நாளாக எங்கள் பிரிட்ஜ் கதவில், வாழைப்பழ வடிவக் காந்தம் ஒன்றுக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. நித்யா கேட்டபோதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளினேன். மற்ற கேள்விகள் பெரிதில்லை. ஏழாவது கேள்விதான் என்னைக் கட்டிப்போட்டது. ‘உங்கள் குடும்பத்தில், தாத்தா பாட்டி உட்பட, குடிப்பழக்கத்தால் பாதிக்கப்பட்டவர் யாரேனும் உண்டா?’ பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஆம், இல்லை. என் அப்பாவை நித்யா கைக்குழந்தையாகக்கூடப் பார்த்ததில்லை. மஞ்சள் காமாலையில் போனார் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தேன். அது பொய்யும் இல்லை. எங்கள் காலனியில் யாரும் குடித்துச் சாகவில்லை, எல்லோரும் மஞ்சள் காமாலையில்தான் செத்தார்கள். பெண்ணிடம் அந்த இரண்டு எழுத்தை, ‘ஆம்’ என்பதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்று மணிக்கு வரச் சொன்னார் மிஸஸ் கார்ல்சன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ரசம் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது.

2

இந்த வகுப்பைப் பற்றி ஊரில் இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாரம் ஒரு நாள் ஒரு போலீஸ்காரர் வருகிறார். கூடவே ஒரு நாய் வருகிறது. நாய் பிள்ளைகளின் பைகளை மோந்து பார்க்கும், பிள்ளைகள் நாயைத் தடவிக் கொடுப்பார்கள். நம் ஊரில் பள்ளிக்கூடத்துக்குள் போலீஸ் வந்தால் வாத்தியார் உட்பட பாதிப் பேர் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்திருப்பார்கள். இங்கே அவரோடு தோளில் கைபோட்டுப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளே நாடகம் போடுகிறார்கள், பெரிய வகுப்புப் பிள்ளைகளே சின்ன வகுப்புக்குப் போய்ப் பாடமும் நடத்துகிறார்கள். நித்யா அதில் ஒரு குழுவுக்குத் தலைவி.

யாராவது பீரையோ சிகரெட்டையோ நீட்டினால் ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கு எட்டு வழிகள் கற்றுத் தந்திருக்கிறார்கள். வீட்டில் பழகிப் பார்க்கச் சொல்லி உத்தரவு. எங்கள் வீட்டில் அந்தச் சரக்கெல்லாம் இல்லாததால் அவள் உப்புமாவை வைத்துப் பழகினாள்.

“நித்யா, ரெண்டு கரண்டி வச்சுக்கோ.”

“நோ தேங்க்ஸ்மா. அது என் ஹெல்த்துக்கு நல்லதில்ல.”

“வெறும் ரவைடி.”

“நோ தேங்க்ஸ். நாம வேற ஏதாவது பேசலாமா?”

எட்டாவது வழி, அந்த இடத்தை விட்டே போய்விடுவது. தட்டை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். “நான் கட்டற வரி வீண் போகல” என்றார் என் கணவர் ரகு, அவர் பங்கு உப்புமாவை நகர்த்தி வைத்தபடியே.

பெற்றோர்களுக்கும் ஒரு கூட்டம் நடத்தினார்கள். வட்டமாக நாற்காலி போட்டு, ஒவ்வொருவரும் தம் பிள்ளையைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். என் முறை வந்தது. என் பெண் சின்ன வயதிலிருந்தே தயிர்சாதத்துக்கு அடிக்ட் என்றேன். மாம்பலத்தில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். மிஸஸ் கார்ல்சன் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு நோட்டில் குறித்துக்கொண்டார்.

என்னுடைய பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். யார் வீட்டுக்கு வந்தாலும் நானே போய்த்தான் கதவைத் திறப்பேன். ரகு ஆபீஸிலிருந்து வந்தால் வாசலிலேயே பையை வாங்கிக்கொள்வேன். நூற்றாண்டே முடியப் போகிறது, இந்தக் காலத்தில் இப்படியொரு பதிவிரதையா என்று அவருடைய நண்பர்கள் கேலி செய்வார்கள். எனக்கு அந்தப் பையைப் பற்றிக் கவலையில்லை. பையை வாங்கும்போது முகம் எவ்வளவு பக்கத்தில் வரும் என்பதுதான் கணக்கு. அப்புறம், என் பாயசத்தில் ஏலக்காய் கிடையாது. கேட்கிறவர்களிடம் அலர்ஜி என்பேன். இந்த ஊரில் அலர்ஜி என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள்.

3

குரோம்பேட்டையை ஒட்டிய அஸ்தினாபுரத்தில் எங்கள் காலனி மொத்தம் முப்பது வீடு. நெல் விளைந்த நிலத்தில் கல் நட்டு மனை போட்டு விற்றதில் முளைத்தது. நிலத்தை விற்றவர்கள் கால்வாய்க்கு அந்தப் பக்கம், ஏரிக்கரைத் தெருவில் இருந்தார்கள். இந்தப் பக்கம் நாங்கள், மாதச் சம்பளக்காரர்கள். குடி என்பது கால்வாய்க்கு அந்தப் பக்கத்து வியாதி என்பது எங்கள் காலனியின் உறுதியான நம்பிக்கை. அந்தப் பக்கம் குடித்தால் குடிகாரன். இந்தப் பக்கம் குடித்தால் ‘உடம்புக்கு எடுத்துக்கறார்’.

என் அப்பா சபாபதி உடம்புக்கு எடுத்துக்கொண்டவர். அரசாங்க ஆபீஸ் ஒன்றில் ஹெட் கிளார்க். மதுவிலக்கு இருந்த நாளிலேயே, மூச்சிரைப்புக்கு பிராந்தி அவசியம் என்று டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி, மனுப் போட்டு, பர்மிட் எடுத்து வைத்திருந்தார். அந்த டாக்டருக்கும் மூச்சிரைப்பு உண்டு. பாட்டில் பீரோவில், வீட்டுப் பத்திரத்துக்குப் பின்னால் இருக்கும். கடைகளைத் திறந்துவிட்ட பிறகு பர்மிட்டுக்கு வேலையில்லாமல் போனது. ஆனாலும் அப்பா அதைப் பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். மற்றவர்கள் குடிக்கிறார்கள், தான் அனுமதி பெற்றவர் என்ற வித்தியாசம் அவருக்கு முக்கியம்.

ஆறே முக்காலுக்கு சைக்கிள் மணி கேட்டால் நல்ல நாள். ஏழரைக்குக் கேட்டால் ஏலக்காயை மென்றுகொண்டே வருகிறார் என்று அர்த்தம். நான்தான் ஓடிப்போய் கேட்டைத் திறந்து பையை வாங்குவேன். அவர் மூச்சு என் முகத்தில் படும். ஏலக்காயைத் தாண்டி அந்த இன்னொரு வாசனை வந்தால், நேராக உள்ளே போய் ரேடியோவை நிறுத்திவிட வேண்டும். அது அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்குச் சங்கேதம். ரேடியோ நின்றுவிட்டால் அம்மா அன்று ஸ்கூல் பீஸ், காஸ் சிலிண்டர், கல்யாணப் பத்திரிகை எதையும் பற்றிப் பேச்செடுக்கமாட்டாள்.

அப்பா அடித்ததில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். தட்டின் முன்னால் உட்கார்ந்து ஆபீஸ் பாணியில் விசாரணை நடத்துவார். சாம்பாரில் உப்புக் குறைந்ததற்கு விளக்கம் கேட்பார். விளக்கம் திருப்தியாக இல்லையென்றால் தட்டு பறக்கும். காலையில் இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி, ஒன்றுமே நடக்காத மாதிரி ரயிலுக்குக் கிளம்பிவிடுவார். எனக்கு அவர் மேல் பயம் இருந்தது, கொள்ளைப் பிரியமும் இருந்தது. அன்றைக்கு எது என்று வாசலில் என் மூக்குதான் முடிவு செய்யும்.

4

எண்பத்தொன்றில் நான் பிளஸ் ஒன். சாராயக் கடைகள் திறந்த புதிது. எங்கள் சரித்திர டீச்சர் ரோஸ்லினுக்கு நாட்டைக் காப்பாற்றியாக வேண்டும் என்ற வேகம் வந்துவிட்டது. மாணவிகளைச் சேர்த்து ஒரு படை அமைத்தார். கொடி பிடித்து ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊர்வலம் போனோம். லாரிக்காரர்கள் ஹார்ன் அடித்து எங்களை உற்சாகப்படுத்தினார்கள். அப்புறம் ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்தார். ஐம்பது கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர், ‘இனி மதுவைத் தொடமாட்டேன்’ என்று உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும், தெரியாதவர் கைநாட்டு வைக்க வேண்டும். ஐம்பதையும் நிரப்புகிறவளுக்கு ஆண்டு விழாவில் எவர்சில்வர் டிபன் கேரியர்.

மற்றவர்களுக்கு டிபன் கேரியர் மேல் கண். எனக்கு முதல் கட்டத்தின் மேல். அதில் அப்பாவின் கையெழுத்து விழ வேண்டும். அப்பா கையெழுத்துப் போட்ட காகிதத்தை யாரும் மீறி நான் பார்த்ததில்லை. ஆபீஸில் அவர் போட்டால் பைல் நகரும், வீட்டில் அவர் போட்டால் என் பிராக்ரஸ் ரிப்போர்ட் செல்லும். ஆகவே இதில் போட்டுவிட்டால் குடி நின்றுவிடும் என்று நம்பினேன். பதினாறு வயதில் அவ்வளவு அசடாக இருந்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அட்டையை நீட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டு முழுதும் படித்தார். “நல்ல காரியம். டிராஃப்டிங் நன்னா இருக்கு” என்றார். பவுண்டன் பேனாவைத் திறந்து, ‘டி.கே. சபாபதி’ என்று முத்து முத்தாகப் போட்டு, அடியில் இரண்டு கோடு இழுத்து, தேதி போட்டு, மை காயும்வரை ஊதித் தந்தார். நான் அட்டையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடிக் காட்டினேன். அம்மா பார்த்துவிட்டுக் கத்திரிக்காய் நறுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் ஏழரைக்கு சைக்கிள் மணி கேட்டது. கேட்டில் பையை வாங்கினேன். ஏலக்காய். நான் உள்ளே போய் ரேடியோவை நிறுத்தினேன். அன்றைக்கு அழுத மாதிரி அவர் செத்தபோதுகூட நான் அழவில்லை.

5

நம்பிக்கை போன பிறகு அட்டையை நிரப்புவது மிகவும் சுலபமாக இருந்தது. காலனியில் வாழ்நாளில் காபியைத் தவிர எதையும் தொடாத எட்டுப் பேர் சந்தோஷமாகக் குடியை விட்டுக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். அப்பாவோடு ஒன்பது. மிச்சம் நாற்பத்தொன்று. ஏரிக்கரைத் தெருவுக்குள் போய் அந்நிய ஆண்களிடம் குடியைப் பற்றிப் பேச எனக்குத் தைரியமில்லை. பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் வாக்காளர் பட்டியல் ஒட்டியிருந்தது. ஏரிக்கரைத் தெரு, ஆண்கள், வயது முப்பதுக்கு மேல். பெயரையும் தகப்பன் பெயரையும் பார்த்து எழுதிக்கொண்டேன். அப்பாவின் ஸ்டாம்ப் பேடை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். பத்து விரலையும் மாற்றி மாற்றி, நான்கு சுற்று வைத்து, கடைசிக்கு ஒரு கட்டைவிரல் அதிகம். நாற்பத்தொரு பேரும் ஒரே மத்தியானத்தில் திருந்திவிட்டார்கள். அவர்களில் இருவர் செத்துப்போனவர்கள், ஒருவர் கோயில் பூசாரி என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

அந்த ஊதா மை சோப்புக்குப் போகவில்லை, சீயக்காய்க்கும் போகவில்லை.

ரோஸ்லின் டீச்சர் என் அட்டையைப் பார்த்துப் பூரித்துவிட்டார். ஒரு பெயரில் அவர் விரல் நின்றது. “கோவிந்தசாமியா? நம்ம சந்திரா அப்பாவா? அவரே விட்டுட்டாரா?” சந்திரா என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிறவள். அவள் அப்பா குடிப்பது பள்ளிக்கூடத்துக்கே தெரியும், ஏனென்றால் அவர் குடித்துவிட்டு ரோட்டில் நடப்பார், பீரோவுக்குள் நடக்கமாட்டார். டீச்சர் சந்திராவைக் கூப்பிட்டு, “ஆண்டு விழாவுக்கு அப்பாவைக் கட்டாயம் கூட்டிட்டு வா. ஏன்னு அப்ப சொல்றேன்” என்றார். தனக்கு ஏதோ பரிசு என்று சந்திரா நினைத்துக்கொண்டாள். விழாவுக்கு இருந்த இரண்டு நாளும் என்னிடம் அதையே பேசினாள். நான் கைகளைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு கேட்டேன்.

கோவிந்தசாமி புது வேட்டி கட்டி, எண்ணெய் வைத்துத் தலை வாரி, பெண் பரிசு வாங்குவதைப் பார்க்க வந்திருந்தார். காலனிக்காரர்கள் முன் வரிசையில். அப்பா காலனி சங்கச் செயலாளர் என்பதால் நடு நாற்காலி. நான் மேடையில், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். டீச்சர் கோவிந்தசாமியை மேடைக்கு அழைத்து, “ஒரு மாணவியின் முயற்சியால் குடியை விட்டொழித்தவர் இவர். இதோ இவருடைய கைநாட்டு” என்று மைக்கில் சொல்லி அட்டையை அவர் கையில் கொடுத்தார்.

அவர் அட்டையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து வாய்விட்டே படித்தார். “கோவிந்தசாமி, தகப்பனார் எல்லப்பன். நான்தான்.” அப்புறம் மைக்கைப் பார்த்தார். “டீச்சரம்மா, நான் குடிக்கிறவன். இல்லன்னு சொல்லல. நேத்துகூட குடிச்சேன். ஆனா இது என் ரேகை இல்ல. எனக்குக் கையெயுத்து போடத் தெரியும். அந்தக் காலனில கீற முப்பது வூட்டுப் பத்திரத்துலயும் என் கையெயுத்து கீது. வூட்டுக்குப் போயி எடுத்துப் பாருங்க.”

எங்கள் வீட்டுப் பத்திரத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அதற்குப் பின்னால் இருந்த பாட்டிலையும் பார்த்திருக்கிறேன். ஏரிக்கரைத் தெருக்காரருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்பது எனக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. நாற்பத்தொரு பேரில் ஒருவருக்குக்கூடத் தெரிந்திருக்கும் என்று தோன்றவில்லை. காலனியில் வளர்ந்த பெண்ணால்தான் இப்படி ஒரு தப்பைப் பண்ண முடியும்.

அவர் அந்த ரேகையைத் தடவிப் பார்த்தார். சின்ன விரல். அப்புறம் தலையைச் சாய்த்து, நான் பின்னால் மறைத்து வைத்திருந்த கைகளைப் பார்த்தார். மைக்குக்கு எட்டாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “எதுக்கும்மா இவ்ளோ பாடு? வூட்டாண்ட வந்து ஒரு வார்த்த கேக்கறதுதான?” என்றார்.

டீச்சர் சமாளிக்கப் பார்த்தார். “அதனால என்ன ஐயா, இப்ப எல்லார் முன்னாலயும் கையெழுத்துப் போட்டுடுங்க.” பேனா வேண்டியிருந்தது. முன் வரிசையிலிருந்து அப்பா எழுந்து தன் பவுண்டன் பேனாவை நீட்டினார்.

கோவிந்தசாமி வாங்கிக்கொண்டு, “சாரும் போட்டுட்டாரா?” என்று கேட்டார்.

“முதல் கையெழுத்தே என்னுதுதான்” என்றார் அப்பா.

கோவிந்தசாமி முதல் கட்டத்தைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். மதுக்கடையின் பின்பக்க வழி இரண்டு பேருக்கும் தெரியும் என்பது எனக்கு அந்தப் பார்வையில்தான் தெரிந்தது. பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

“நல்ல பேனா சார். எனக்கு வாணாம். போட்டா அதுல நிக்கணும். இதுவரிக்கும் நான் போட்ட கையெயுத்து ஒண்ணும் எனக்குத் திரும்பி வந்ததில்ல. வுட்டுட்டு அப்புறமா வந்து போடறேன்.”

கீழே இறங்கி, சந்திராவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சந்திரா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் வேறு பெஞ்சுக்கு மாறிவிட்டாள். டிபன் கேரியர் முப்பத்திரண்டு கட்டம் நிரப்பிய இன்னொருத்திக்குப் போயிற்று. அந்த முப்பத்திரண்டைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

அப்பா வீட்டுக்கு நேரே வரவில்லை. ஏழரைக்கு மேல்தான் வந்தார். பையை வாங்கினேன். ஏலக்காய், அதைத் தாண்டி அது. உள்ளே போனேன். அன்றைக்கு நான் ரேடியோவை நிறுத்தவில்லை. அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. பாவம், அம்மா நல்ல நாள் என்று நம்பி சிலிண்டர் தீர்ந்துவிட்டதைச் சொன்னாள். தட்டு பறந்து சுவரில் பட்டு உருண்டது. அம்மா குனிந்து சோற்றை அள்ளும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் செய்ததிலேயே பெரிய தப்பு அந்த நாற்பத்தொரு கைநாட்டு இல்லை, இதுதான்.

6

எண்பத்தைந்தில் கல்யாணம், அதே வருஷம் விமானம். எண்பத்தெட்டில் தந்தி வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. பீரோவில் பர்மிட் இருந்தது, பிளாஸ்டிக் உறை கலையாமல். துக்கம் விசாரித்து வந்த கடிதங்கள் எல்லாம் காமாலையைத் திட்டின. ஒரே ஒரு கடிதத்தில் மட்டும் குடி என்ற வார்த்தை இருந்தது. அது சந்திராவுடையது, கூடுவாஞ்சேரியில் கல்யாணமாகி இருந்தாள்.

‘உன் அப்பா நல்ல மனுஷர். குடிதான் கொன்னுடுச்சு. எங்கப்பா விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. சொன்ன மாதிரியே ரோஸ்லின் டீச்சர் வீட்டுக்குப் போய் அந்த அட்டை இருக்கான்னு கேட்டார். பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாச்சுன்னு சொன்னாங்க. அப்பாவுக்கு ரொம்ப வருத்தம்.’

அவளுக்கு நான் பதில் எழுதவில்லை. பதினோரு வருஷமாக அந்தக் கடிதம் என் பெட்டியில், பாஸ்போர்ட்டுகளுக்குப் பின்னால் இருக்கிறது. மறைக்க வேண்டியதைத் தாள்களுக்குப் பின்னால் வைக்கிற புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

7

மிஸஸ் கார்ல்சன் படிவத்தை மேஜையில் என் பக்கம் திருப்பி வைத்தார். முதலில் கையெழுத்தைப் பார்த்தேன். நிஜமாகவே நன்றாக இருந்தது. அடியில் இரண்டு கோடு வேறு இழுத்திருந்தாள். அதை அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அப்புறம் ஏழாவது கேள்வி. ‘ஆம்’ என்ற கட்டத்தில் டிக். உறவு என்ற இடத்தில், ‘அம்மாவின் அப்பா’. அதற்குக் கீழே, ‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்ற கேள்விக்கு ஆங்கிலத்தில் குண்டு குண்டாக எழுதியிருந்தாள்.

‘யாரும் சொல்லவில்லை. தாத்தாவுக்கு வந்ததாக அம்மா சொல்லும் வியாதி எங்கள் வகுப்புப் புத்தகத்தில் கல்லீரல் பாடத்தில் இருக்கிறது. போலீஸ் நாய் பைகளை மட்டும்தான் மோந்து பார்க்கும். என் அம்மா வாசலில் நின்று ஆட்களையே மோந்து பார்ப்பாள். அப்பா ஒரு நாள்கூடக் குடித்ததில்லை, ஆனாலும் தினமும் பார்ப்பாள். அவளிடம் இதைப் பற்றிக் கேட்க வேண்டாம், அழுதுவிடுவாள். அதனால்தான் கையெழுத்தை நானே போட்டேன்.’

நான் எந்த வகுப்பிலும் படிக்காத பாடம் அது. மிஸஸ் கார்ல்சன் டிஷ்யூ டப்பாவை என் பக்கம் தள்ளினார். அந்த டப்பாவுக்குப் பக்கத்திலேயே பேனாவும் இருந்தது. பேனாவைத்தான் எடுத்தேன். என் பெண்ணின் கையெழுத்துக்குக் கீழே என்னுடையதைப் போட்டேன், கோழி கிளறின மாதிரி. “இதுதான் என்னுடையது. ஏழாவது பதில் சரியானது” என்றேன். தயிர்சாத விஷயத்தையும் நோட்டிலிருந்து அடித்துவிடும்படி கேட்டுக்கொண்டேன்.

நித்யா காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாரான முகத்தோடு. கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். பெல்ட்டை மாட்டும் சாக்கில் நான் வழக்கம்போல அவள் பக்கம் குனிந்தேன், பாதியில் எனக்கே தெரிந்துபோய் அப்படியே நின்றேன்.

“பரவால்லம்மா. பாத்துக்கோ” என்று அவளே தலையைச் சாய்த்து என் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

ஷாம்பூ வாசனை. நான் சாவியைத் திருப்பாமல் கையில் வைத்துக்கொண்டு, “உன் தாத்தா பேர் சபாபதி. அவரோட கையெழுத்து முத்து முத்தா இருக்கும்” என்று ஆரம்பித்தேன்.